புதிய உலாவிப் பதிப்பு: ஏற்பதா, பொறுப்பதா?

கணினித் திரையிலோ கைத்தொலைபேசியிலோ அவ்வப்போது ஓர் அறிவிப்புத் தோன்றுவதை மாணவமணிகளும் பெற்றோர்களும் கண்டிருப்பர். "புதிய பதிப்பு வந்துள்ளது, ஏற்றிக்கொள்ளலாம்" என்பது அதன் செய்தி. சிலர் அதனைப் படியாமலே 'சரி' என்று அழுத்திவிடுகின்றனர். வேறு சிலரோ, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றில் கைவைப்பானேன் என்றெண்ணி, ஆண்டுக்கணக்கில் 'பிறகு' என்பதையே அழுத்தி வருகின்றனர். இவ்விரு வழக்கங்களிலும் தீங்கு உண்டு. எப்பொழுது உடனே ஏற்க வேண்டும், எப்பொழுது ஆய்ந்து பார்த்து ஏற்க வேண்டும், எந்த அறிவிப்பை அறவே தொடலாகாது என்பனவற்றை நாம் இங்கு விளக்க விரும்புகிறோம்.

இணையத்தளங்களை நமக்கு எடுத்துக்காட்டும் செயலியே உலாவி எனப்படும். அதன் பணி, அச்சகத்தில் எழுத்துக் கோப்பவரின் பணியை ஒத்தது. இணையத்தளம் நம்மிடம் வந்து சேரும்போது படமும் எழுத்தும் அழகுற அமைந்த பக்கமாக வருவதில்லை. 'இது தலைப்பு, இது பத்தி, இவ்விடத்தில் படம்' என்னும் குறிப்புகள் கலந்த எழுத்துக்கோவையாகவே வருகிறது. அக்குறிப்புகளைப் படித்து, கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கத்தைக் கோத்துத் தருவது உலாவியே. ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் முதல் உலாவியை எழுதினார். 1993-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான மொசாய்க், இணையத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. நெட்ஸ்கேப் 1994-இலும், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 1995-இலும், பயர்பாக்ஸின் முதற்பதிப்பு 2004-இலும், குரோம் 2008-இலும் வெளிவந்தன.

அக்காலத்தில் உலாவி படிப்பதற்கு மட்டுமே பயன்பட்டது. இன்றோ, தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாய் தம் ஊழியர் சேமநிதிக் கணக்கைப் பார்ப்பதும், வங்கியின் வழியே பணம் அனுப்புவதும், மகனின் பாடத்தைக் கல்வியமைச்சின் டெலிமா தளத்தில் திறந்து கொடுப்பதும் அதே உலாவியில்தான். ஆகவே உலாவியைப் பற்றிய முடிவு கணினி வல்லுநருக்கு மட்டும் உரிய முடிவன்று. லயத்து வீட்டிலும் அது எடுக்கப்பட வேண்டியிருக்கிறது.

புதிய பதிப்புகள் ஏன் வருகின்றன? புதிய வசதிகளைச் சேர்ப்பதற்கு என்பது ஒரு காரணம். அதனினும் முதன்மையான காரணம், ஓட்டைகளை அடைப்பதாகும். உலாவி என்பது பல இலட்சக்கணக்கான வரிகளால் எழுதப்பட்ட செயலி. அத்தனை வரிகளில் எங்கேனும் ஒரு பிழை இருப்பின், அதனை அறிந்த தீயோர், அப்பிழையின் வழியே உள்ளே நுழையத்தக்கதாக ஒரு பக்கத்தைச் செய்து வைப்பர். நாம் அப்பக்கத்தைத் திறந்த அளவிலேயே நம் கடவுச்சொற்கள் களவுபோதல் கூடும். வேலியில் ஓட்டை இருப்பது தோட்டக்காரருக்குத் தெரியுமுன் காட்டுப்பன்றிக்குத் தெரிந்துவிடுவதுண்டல்லவா? அது போன்றதே இது.

இங்கே பலரும் எண்ணிப் பாராத ஒன்றுண்டு. உலாவியைச் செய்த நிறுவனம் ஓர் ஓட்டையை அடைத்துத் திருத்தத்தை வெளியிடும்போது, அத்திருத்தத்தைத் தீயோரும் பெறுகின்றனர். பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிட்டு, எது மாறியிருக்கிறது என்று பார்த்தால், ஓட்டை எங்கே இருந்தது என்பது அவர்களுக்கு விளங்கிவிடும். அதன்பின் அவர்கள் தேடுவது, இன்னும் பழைய பதிப்பை வைத்திருப்போரைத்தான். திருத்தம் வெளிவந்த நாள்முதல், பழையதைப் பயன்படுத்துவோர் முன்னைவிடக் கூடுதலான இடரில் இருக்கின்றனர் என்பது இதனால் பெறப்படும். கூகிள் நிறுவனம் 2023 ஆகஸ்டு முதல் குரோமுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை வாரந்தோறும் வெளியிடலாயிற்று. வெளியீட்டிற்கும் ஏற்பிற்கும் இடையேயுள்ள காலத்தைக் குறைப்பதே அதன் நோக்கம்.

பதிப்பெண்களைக் கண்டு மருள வேண்டுவதில்லை. முன்னாளில் 5, 6 என எண் மாறுவதற்கு ஆண்டுகள் பல ஆகும். இப்பொழுது சில வாரங்களுக்கு ஒருமுறை எண் ஏறுகிறது. 2022 மார்ச்சில் குரோமும், அவ்வாண்டு மே மாதத்தில் பயர்பாக்ஸும் 100-ஆம் பதிப்பை எட்டின. அப்பொழுது ஒரு வேடிக்கையான அச்சம் எழுந்தது. பதிப்பெண் ஈரிலக்கமாகவே இருக்கும் என்று கருதி எழுதப்பட்ட தளங்கள், 100 என்பதை 10 என்று படித்து, 'உமது உலாவி மிகப் பழையது' என்று விரட்டிவிடுமோ என்பதே அது. இரு நிறுவனங்களும் முன்கூட்டியே சோதித்துப் பார்த்ததனால் பெருந்தொல்லை நேரவில்லை. ஆண்டு 2000-ஐக் கண்டு கணினியுலகம் அஞ்சியதை மூத்த பெற்றோர்கள் நினைவுகூரலாம்.

ஒத்திப்போடுவதன் விளைவை அறிய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6-இன் வரலாறு ஒன்றே போதும். அது 2001-இல் வந்தது. அடுத்த பெரும் பதிப்பாகிய 7 வெளிவர 2006 அக்டோபர் ஆயிற்று. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் எண்ணற்ற அலுவலகங்கள் தங்கள் பணிப்பக்கங்களை அந்த ஓர் உலாவிக்கென்றே எழுதிவிட்டன. புதியது வந்தபோது அவற்றால் மாற முடியவில்லை. மாறினால் சம்பளக் கணக்கும் சரக்குக் கணக்கும் திறவா. 2010 ஜனவரியில், இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் இருந்த ஓர் ஓட்டையின் வழியே கூகிள் உள்ளிட்ட பெரிய நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்தனர் என்பது வெளியாயிற்று. அவ்வுலாவியை அப்போதைக்குப் பயன்படுத்த வேண்டா என்று ஜெர்மானிய அரசின் தகவல் பாதுகாப்புத் துறை மக்களுக்கு அறிவுறுத்தியது. 2011 மார்ச்சில், 6-ஆம் பதிப்பை விட்டொழியுங்கள் என்று அதனைச் செய்த மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தனித்தளம் ஒன்று அமைத்துப் பரப்புரை செய்தது. தான் செய்த பொருளை வாங்க வேண்டா என்று கடைக்காரரே தெருவில் நின்று கூவுவதைப் போன்றதன்றோ இது! இறுதியில், 2022 ஜூன் 15-ஆம் நாள் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11-க்கும் விண்டோஸ் 10-இல் ஆதரவு நிறுத்தப்பட்டது.

இதுகாறும் கூறியவற்றால், எப்பொழுதும் உடனே ஏற்பதே அறிவுடைமை என்று தோன்றலாம். முழுதும் அவ்வாறன்று. பொறுத்தவர் பிழைத்ததும் உண்டு.

2017 நவம்பரில் வெளிவந்த பயர்பாக்ஸ் 57 முன்னையதைவிட விரைவானது. ஆனால் பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகள் எவையும் அதில் இயங்கவில்லை. நீட்சி என்பது, உலாவியோடு நாமாக இணைத்துக்கொள்ளும் துணைக்கருவி. அத்தகைய கருவிகளை நம்பித் தொழில் செய்தவர்கள் ஒரே இரவில் கையற்று நின்றனர். விவரம் அறிந்தவர்களோ, 'நீடித்த ஆதரவுப் பதிப்பு' என்னும் தனிவகையை முன்னரே ஏற்றி வைத்திருந்தனர். பள்ளிகளையும் பெரிய அலுவலகங்களையும் கருதி மொசில்லா அமைப்பு 2012 முதல் வெளியிட்டுவரும் வகை அது. அதில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தவறாமல் வரும். தோற்றமும் வசதியும் ஏறக்குறைய ஓராண்டுக்கு மாறாதிருக்கும். ஓட்டையை அடைப்பதையும் புதுமையைப் புகுத்துவதையும் தனித்தனியே பிரித்து வைத்த இந்த ஏற்பாட்டை நாம் பெரிதும் மெச்சுகிறோம். வீட்டின் கூரை ஒழுகினால் ஓட்டை அடைத்துத் தர வேண்டும். அதற்காகச் சுவரின் நிறத்தையும் சேர்த்து மாற்றினால் யாருக்குத்தான் சினம் வாராது?

ஆசிரியர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். வாய்பாடும் உயிர்மெய்யும் கற்பிக்கும் அசைபடப் பாடங்கள் பல, ஃபிளாஷ் என்னும் நுட்பத்தில் செய்யப்பட்டிருந்தன. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுவனம் அதற்கு ஆதரவை நிறுத்தியது. உலாவிகளும் அதனை நீக்கிவிட்டன. மூன்றாண்டுகளுக்கு முன்பே, 2017 ஜூலையில், இம்முடிவு அறிவிக்கப்பட்டிருந்தது. அறிவிப்பைப் படித்தவர்கள் பாடங்களை வேறு வடிவத்தில் மாற்றி வைத்துக்கொண்டனர்.

தமிழராகிய நமக்கு இவ்விவகாரத்தில் தனிப்பட்ட பட்டறிவே உண்டு. 1990-களின் இறுதியில் ஒவ்வொரு தமிழ்த்தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அவ்வெழுத்துரு நம் கணினியில் இல்லையேல், தமிழ்ப் பக்கம் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தோன்றும். இதற்கு மாற்றாக, பக்கத்தோடு எழுத்துருவும் சேர்ந்தே இறங்கும் முறையை நெட்ஸ்கேப் 4 ஒருவகையிலும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 வேறுவகையிலும் வழங்கின. தமிழ்த்தளங்கள் மகிழ்ச்சியோடு அவற்றைக் கைக்கொண்டன. 2000-இல் நெட்ஸ்கேப் 6 வந்தது. முன்னைய எழுத்துரு முறை அதில் கைவிடப்பட்டிருந்தது. புதிய பதிப்பை ஆவலோடு ஏற்றியவர், நேற்றுவரை படித்த தமிழ்ப் பக்கத்தை இன்று படிக்க இயலாமற் போயிற்று.

அதே வேளையில் எதிர்ப்புறத்திலிருந்தும் ஒரு நெருக்கடி வந்தது. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான ஓர் எண்ணைத் தரும் ஒருங்குறி முறை பரவத் தொடங்கியது. இம்முறையில் 'கொ' என்பது, ககரத்தையும் அதன்பின் ஒகரக் குறியையும் கொண்டதாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னும், காலைப் பின்னுமாகப் பிரித்து அமைக்க வேண்டியது கணினியின் கடமை. பழைய கணினிகளுக்கும் உலாவிகளுக்கும் இது தெரியாது. கொம்பு ஓரிடம் கால் ஓரிடமாக எழுத்துகள் சிதறின. அல்லது வெறுங்கட்டங்களாகத் தோன்றின. விண்டோஸ் 2000-உம் எக்ஸ்பியும் வந்தபின்னரே இது சீராகத் தொடங்கியது. 2000-இல் சிங்கப்பூரிலும் 2001-இல் கோலாலம்பூரிலும் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடுகளின் காலம் அது. மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்ற செயலிகள் தமிழ்த் தட்டச்சுக்குக் கைகொடுத்தன. பழையதை விட்டால் பழைய தளங்கள் போய்விடும். புதியதை ஏற்காவிட்டால் புதிய தளங்கள் திறவா என்னும் இரண்டகத்தை நம் தலைமுறையினர் அன்றே கண்டுவிட்டனர். இன்று நம் மாணவர் எவ்வித முயற்சியுமின்றிக் கைத்தொலைபேசியில் தமிழ் படிக்கின்றனர் என்றால், அன்று பலர் பொறுமையோடு மாறியதே அதற்குக் காரணம் என்க.

இனி, நம் பள்ளியின் கணினி அறைக்கு வருவோம். அங்கிருந்த பதினோரு கணினிகளிலும் விண்டோஸ் 7 இயங்கியது. அவ்வியக்க முறைக்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் நாளோடு ஆதரவை நிறுத்தியிருந்தது. எனினும் குரோம் மேலும் மூன்றாண்டுகள் கைவிடாது வந்தது. 2023 பிப்ரவரியில் வெளிவந்த குரோம் 110-க்கு விண்டோஸ் 10 இன்றியமையாததாயிற்று. நம் கணினிகள் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டன. அன்றே எத்தளமும் மூடிவிடவில்லை. எல்லாம் வழக்கம்போல் திறந்தன. முடிவெடுப்பதைக் கடினமாக்கியது அதுவே.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதனை எடுத்துரைத்தோம். ஓர் அம்மையார் எழுந்து, "ஓடுற மோட்டார எதுக்கு சார் பிரிக்கணும்? காசு வேற கேக்குறீங்களே" என்றார். நியாயமான வினாவே. புதிய உலாவி இலவசந்தான். அதனைத் தாங்கும் கணினி இலவசமன்று. ஓடுகிற மோட்டார் என்றாலும், பிரேக் தேய்ந்திருப்பது ஓடும்போது தெரிவதில்லை என்று நாம் மறுமொழி கூறினோம். பிள்ளைகள் தங்கள் டெலிமா கடவுச்சொல்லை இக்கணினிகளில்தான் இடுகின்றனர் என்பதையும், ஆசிரியர்கள் மாணவர் விவரங்களைத் திறப்பதும் இவற்றில்தான் என்பதையும் விளக்கியபின் அவ்வம்மையாரே, "அப்ப எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தாதீங்க சார், கொஞ்சங் கொஞ்சமா மாத்துங்க" என்றார்.

அவர் கூறியது தோட்டத்து முறையே. ரப்பர் முதிர்ந்து பால் குறைந்துவிட்டதென்று எந்தத் தோட்ட நிருவாகமும் எல்லா மரங்களையும் ஒரே ஆண்டில் வெட்டிச் சாய்ப்பதில்லை. இளங்கன்று பால்வெட்டுக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும்; அதுவரை வருமானத்துக்கு வழி வேண்டும். பகுதி பகுதியாகவே மறுநடவு செய்வர். நாமும் முதலில் ஒரே ஒரு கணினியில் விண்டோஸ் 10-ஐயும் புதிய குரோமையும் ஏற்றி, இரண்டு வாரம் எல்லாப் பணிகளையும் அதில் செய்து பார்த்தோம். டெலிமா திறந்தது. தமிழ்த் தட்டச்சு சரியாக வந்தது. பழைய எழுத்துருவில் அடித்து வைத்த தேர்வுத்தாள்கள், அவ்வெழுத்துருவைப் படியெடுத்து ஏற்றியபின் திறந்தன. பழைய அச்சுப்பொறி மட்டும் புதியதோடு ஒத்துப்போக மறுத்தது. பதினோரு கணினிகளையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால், தேர்வுக் காலத்தில் ஒரு தாளும் அச்சிட முடியாது போயிருக்கும். ஆகவே, ஒரு கணினியைப் பழைய நிலையிலேயே அச்சுக்கென ஒதுக்கி, அதன் இணையத் தொடர்பைத் துண்டித்தோம்.

வலுவுள்ள மேலும் ஐந்து கணினிகள் அப்பள்ளித்தவணையிலேயே மாற்றம் பெற்றன. எஞ்சிய நான்கும் நினைவகம் குறைந்தவை. புதிய இயக்க முறையைத் தாங்கா. அவற்றில் விண்டோஸ் 7-க்கும் திருத்தம் வழங்கிய பயர்பாக்ஸ் 115 நீடித்த ஆதரவுப் பதிப்பை ஏற்றினோம். அதற்குரிய கெடு 2024-இல் முடிவதாக இருந்து, 2025-க்கும் நீட்டிக்கப்பட்டது. கடவுச்சொல் எதனையும் அந்நான்கிலும் இடலாகாது என்று அறிவிப்பு எழுதி ஒட்டினோம். இப்பொழுது அவை இணையமின்றித் தமிழ்த் தட்டச்சுப் பயிற்சிக்குப் பயன்படுகின்றன. நான்காம் ஆண்டு மாணவர்கள் அவற்றை விட்டு எழுந்திருக்க மறுப்பதைக் கண்டால், பழையதெல்லாம் வீண் என்று யார் கூறுவர்?

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு முடிவுற்றது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும்: இயக்க முறை வேறு, உலாவி வேறு. விண்டோஸ் 10-இல் இயங்கும் எட்ஜ் உலாவிக்கு 2028 அக்டோபர் வரையேனும் திருத்தங்கள் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. ஆகவே 'நாளையே கணினியை வீசிவிடுங்கள்' என்று கூறும் விற்பனையாளரின் சொல்லைக் கேட்டு அவசரப்பட வேண்டுவதில்லை. காலக்கெடுவைக் குறித்து வைத்துப் பணம் சேர்க்கத் தொடங்கலாம். பிள்ளைகளுக்குப் பழைய குரோம்புக் வாங்க எண்ணும் பெற்றோர், அதற்கு எந்த ஆண்டு வரை புதுப்பிப்பு வரும் என்பதை முதலில் கேட்டறிக. அக்கணினியில் உலாவியும் இயக்க முறையும் ஒன்றாகவே புதுப்பிக்கப்படுவன. கெடு முடிந்தால் இரண்டும் ஒருங்கே நின்றுவிடும். கைத்தொலைபேசிக்கும் இத்தகைய எல்லை உண்டு. ஆண்ட்ராய்டு 7 உள்ள கைத்தொலைபேசிகளுக்கு, 2023-இல் வந்த குரோம் 119-ஏ கடைசிப் பதிப்பாயிற்று.

அறவே தொடலாகாத அறிவிப்பைப் பற்றிக் கூறுவதே எஞ்சியுள்ளது. ஏழைக் குடும்பங்களுக்கு மிகுந்த கேடு விளைப்பது இதுவே. நமக்குத் தெரிந்த ஒரு தந்தையார், கைத்தொலைபேசியில் திரைப்படம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, 'உங்கள் உலாவி பழையதாகிவிட்டது. உடனே புதுப்பிக்கவும்' என்று திரை முழுவதும் ஒரு பக்கம் தோன்றிற்று. அவர் அழுத்தினார், ஒரு கோப்பு இறங்கியது, கேட்ட அனுமதிகளையெல்லாம் கொடுத்தார். மறுநாள் காலையில், மகளின் மேற்படிப்புக்கென அவர் சேர்த்து வைத்த பணம் வங்கிக் கணக்கில் இல்லை. புதுப்பிக்க வேண்டும் என்னும் நல்லெண்ணமே அவருக்கு வலையாக அமைந்துவிட்டது.

உண்மையான உலாவி, ஓர் இணையப் பக்கத்தின் நடுவே வந்து கோப்பை இறக்குமாறு ஒருபோதும் கேளாது. கணினியில் குரோமின் வலப்புற மேல்மூலையில் மூன்று புள்ளிகள் இருக்கும். அதனை அழுத்தி, 'உதவி' என்பதன்கீழ் 'குரோமைப் பற்றி' என்பதைத் திறந்தால், பதிப்பெண் தெரிவதோடு புதியது இருப்பின் தானே இறங்கத் தொடங்கும். ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியில் பிளே ஸ்டோர் வழியேயும், ஐபோனில் அமைப்புகள் பகுதி அல்லது ஆப் ஸ்டோர் வழியேயும் மட்டுமே புதுப்பிக்க வேண்டும். வேறு எவ்வழியில் வந்தாலும், அனுப்பியவர் உறவினரே ஆயினும், மூடிவிடுக. ஏமாந்துவிட்டதாக ஐயம் தோன்றினால் வெட்கத்தால் மறைத்து வைத்துக் காலம் கடத்தாது, தம் வங்கியையும், தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையும் உடனே அழைத்தல் வேண்டும்.

புதுப்பிக்குமுன் பிடித்த பக்கங்களின் முகவரிகளையும் கடவுச்சொற்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துவது நலம். புதிய பதிப்புக்குச் சென்றபின் பழையதற்குத் திரும்புவது எளிதன்று. 2019 முதல் பயர்பாக்ஸ், பழைய பதிப்பை மீண்டும் நிறுவினால் முன்னைய விவரங்களைத் திறக்க விடாது தடுக்கிறது.

ஒவ்வொரு மாதமும் முதற் சனிக்கிழமை காலை ஒன்பது மணி முதல் பதினொரு மணி வரை, பள்ளிக் கணினி அறை பெற்றோர்க்காகத் திறந்திருக்கும். கைத்தொலைபேசியில் எந்தப் பதிப்பு இருக்கிறது, அது இன்னும் திருத்தம் பெறுகிறதா என்பதை ஆசிரியர் ஒருவரும் ஆறாம் ஆண்டு மாணவர் இருவரும் உடனிருந்து பார்த்துத் தருவர். கடவுச்சொல்லை எவரிடமும் கூற வேண்டா. அதனை அவரவரே இட வேண்டும். புதிய பதிப்பு இறங்கச் சிறிது நேரம் பிடிக்கும் ஆதலால், வரும்போது மின்னூட்டியையும் உடன் கொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.